கொழுந்து லொறியும் பென்ஸ் அம்புலன்ஸும்

மெர்சிடிஸ் பென்ஸ் தன் சொந்த வேகன் காரை அறிமுகப்படுத்தியது 1977இல்தான். அதுக்கு முன்பே ஜெர்மனியில் பின்ட்ஸ், மீசன் போன்ற பாடி கட்டும் கம்பனிகள் பென்ஸ் கார்களை அம்புலன்ஸா மாத்தின. கூரையை உயர்த்தி, ஸ்ட்ரெச்சர் நுழையப் பின்கதவு வைத்தார்கள். படுத்திருக்கும் ஆளுக்கு ஏத்தமாதிரி வண்டி மாறியது.

நம்ம தோட்டங்கள் பலதில் இன்னும் தலைகீழ். கொழுந்து லொறி மாறாது. நோயாளிதான் சாக்குகளுக்கு நடுவே மடங்கிப் படுக்கணும், பிரசவ வலியிலும்.

2016இல் தொடங்கிய 1990 சுவசெரிய இப்போ மலையகத்துக்கும் வருது. ஆனா மெயின் ரோட்டிலிருந்து லயம் வரைக்கும்? "அவசரத்துக்கு லொறி குடுத்தோமே" என்பதை இனியும் உதவின்னு ஏத்துக்க வேண்டாம். தோட்டத்துக்கு ஒரு வண்டி, உள்ளே ஒரு படுக்கை கேட்போம். பழைய வேனை வெட்டி மாத்தினதா இருந்தாலும் சரி.