ஐரிஷ் காபி: க்ரீம் மேலே நிற்பதன் கணக்கு

நம் ஊர் காபிக் கடைகளின் பட்டியலிலும் ஐரிஷ் காபி உண்டு. கேட்டால் பெரும்பாலும் வருவது, பால் காபியில் மதுவில்லாத வாசனைச் சிரப் கலந்த பானம்தான். வேறு சிலர் பெய்லீஸ் ஊற்றிய காபியை இந்தப் பெயரால் அழைக்கிறார்கள். 1974இல் விற்பனைக்கு வந்த பெய்லீஸ், விஸ்கியும் க்ரீமும் சேர்த்துச் செய்யும் இனிப்பு மது. அதில் ஆல்கஹால் 17 சதவீதம். இரண்டும் குடிக்க நன்றாக இருக்கலாம். ஆனால் இரண்டிலும் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடுகிறது. ஐரிஷ் காபிக்கு உயிரே கலக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. கீழே சூடான, இனிப்பான, விஸ்கி சேர்ந்த கறுப்புக் காபி; மேலே இனிப்பில்லாத குளிர்ந்த க்ரீம். அந்தக் குளிர்ச்சியின் ஊடாகச் சூட்டை உறிஞ்சிக் குடிக்க வேண்டும்.

இது பிறந்த இடம் அயர்லாந்தில் லிமரிக் மாவட்டத்தின் ஃபாய்ன்ஸ். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அட்லாண்டிக்கைக் கடந்த நீர்விமானங்கள் அங்கேதான் இறங்கிப் புறப்பட்டன. 1943 குளிர்காலத்தில், வானிலை மோசமாகித் திரும்பி வந்த ஒரு விமானத்தின் பயணிகளுக்கு, அங்கிருந்த சமையற்காரர் ஜோ ஷெரிடன் விஸ்கி சேர்த்த காபி கொடுத்தார் என்பது அந்த ஊர் சொல்லும் வரலாறு. பின்னாளில் ஷானன் விமான நிலையத்தில் அதைச் சுவைத்த அமெரிக்கப் பத்திரிகையாளர் ஸ்டான்டன் டெலாப்ளேன், 1952இல் சான் பிரான்சிஸ்கோவின் பியூனா விஸ்டா கடைக்கு அதைக் கொண்டுபோனார். அவரும் கடை உரிமையாளர் ஜாக் கெப்லரும் எவ்வளவோ முயன்றும் க்ரீம் காபிக்குள் மூழ்கிக்கொண்டே இருந்தது. பால் பண்ணை நடத்தியவரும் பின்னர் அந்நகர மேயரானவருமான ஜார்ஜ் கிறிஸ்டோபர், க்ரீமை 48 மணி நேரம் வைத்திருந்து, பிறகு பக்குவமாக நுரைக்க அடித்தால் மிதக்கும் என்று வழி காட்டியதாக அந்தக் கடை சொல்கிறது.

அவர்களைத் திணறடித்த சிக்கல்தான் இன்றும் வீட்டில் செய்பவர்களைத் திணறடிக்கிறது. காரணம் எளிமையானது. ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது. காபியில் விஸ்கி சேர்ந்ததும் கலவையின் அடர்த்தி குறைகிறது. சூடு அதை மேலும் குறைக்கிறது. குளிர்ந்த, அடிக்காத க்ரீமின் அடர்த்தியோ ஏறக்குறைய தண்ணீரின் அளவு. எனவே அது மூழ்குவதுதான் இயல்பு. இதை இரண்டு பக்கமிருந்து சரிசெய்யலாம். சர்க்கரை கரையக் கரையக் காபி கனக்கும். அடிக்க அடிக்கக் காற்று புகுந்து க்ரீம் இலேசாகும். கெட்டிப்படுவதால் காபியோடு எளிதில் கலக்கவும் செய்யாது. 'எனக்குச் சர்க்கரை வேண்டாம்' என்பவருக்கு இந்தக் காபி கைகூடுவது கடினம் என்பதும் இதனால்தான். இங்கே சர்க்கரை நாவுக்கு மட்டுமல்ல, க்ரீமைத் தாங்குவதற்கும் வேண்டும்.

இனி செய்முறை. சர்வதேச பார்டெண்டர் சங்கத்தின் அளவு: ஐரிஷ் விஸ்கி 50 மில்லி, சூடான காபி 120 மில்லி, குளிர்ந்த க்ரீம் 50 மில்லி, சர்க்கரை ஒரு தேக்கரண்டி. முதல்முறை செய்பவர்கள் இரண்டு தேக்கரண்டி போட்டால் க்ரீம் நிற்பது எளிதாகும். சூடு தாங்கும் கண்ணாடிக் குவளையை வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிக் கொட்டிவிடுங்கள். சர்க்கரையைப் போட்டுக் காபியை ஊற்றி, ஒரு மணிகூட மிஞ்சாமல் கரையும்வரை கலக்குங்கள். அதன் பிறகே விஸ்கி. காபி தளதளவென்று கொதிக்கும்போது ஊற்றினால் விஸ்கியின் மணம் ஆவியோடு போய்விடும். நெடிதான் மூக்கில் ஏறும். விஸ்கியைத் தனியாக அடுப்பில் சூடாக்க வேண்டாம். அதன் ஆவி தீப்பிடிக்கக்கூடியது.

காபி சிக்கரி கலக்காததாக இருக்கட்டும். ஃபில்டரில் இறங்கிய கெட்டி டிகாக்‌ஷன் என்றால் வெந்நீர் விட்டு அளவுக்குக் கொண்டுவரலாம். விஸ்கியும் ஐரிஷ் விஸ்கியாகவே இருப்பது நல்லது. அயர்லாந்துத் தீவிலேயே மரப்பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு முதிர்ந்த விஸ்கிக்குத்தான் அந்தப் பெயர். அதில் பெரும்பாலானவை புகைவாசனை இல்லாத மென்மையானவை. காபியோடு மல்லுக்கு நிற்காது.

பலரும் கோட்டை விடுவது க்ரீமில். கடைகளில் சமையலுக்கென்று கிடைக்கும் 25 சதவீதக் கொழுப்புள்ள க்ரீம் சரியாக நுரைக்காது. 30 சதவீதத்துக்கு மேல் வேண்டும். கேக் அலங்கரிக்கும் டாப்பிங் ஏற்கெனவே இனிப்பானது என்பதால் இனிப்புக்கும் இனிப்பின்மைக்கும் உள்ள இழுபறி போய்விடும். குளிர்ந்த கிண்ணத்தில் க்ரீமை அடியுங்கள். பெரிய குமிழ்கள் மறைந்து, தோசை மாவு போல் கரண்டியிலிருந்து வழியும் பதத்தில் நிறுத்திவிடுங்கள். கூம்பாக நிற்கும் அளவுக்கு அடித்தால் அது மூடியாகிவிடும், காபி அதன் ஊடே வராது. கரண்டியைக் கவிழ்த்து, அதன் முதுகு காபியைத் தொட்டும் தொடாமலும் இருக்க, க்ரீமை மெல்ல ஊற்றுங்கள். பிறகு கலக்கவே கூடாது.

இதன் நெருங்கிய உறவு, அயர்லாந்தில் 'ஹாட் விஸ்கி' என்று கேட்டு வாங்கும் பானம். வெந்நீரில் சர்க்கரையைக் கரைத்து, விஸ்கி விட்டு, கிராம்பு குத்திய எலுமிச்சை வில்லையைப் போட்டால் முடிந்தது. அங்கே சளிக்கு அதைக் குடிக்கும் பழக்கம் உண்டு. சூடு தொண்டைக்கு இதமாக இருக்கலாம். ஆனால் ஆல்கஹால் சளியைக் குணப்படுத்தாது. தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்தும்கூட.

இன்னொரு தவறான நம்பிக்கையும் போக வேண்டும். காபி போதையை முறிக்காது. அதிலுள்ள காஃபீன் தூக்கத்தைத் தள்ளிவைக்கும். ரத்தத்தில் உள்ள ஆல்கஹாலைத் துளியும் குறைக்காது. 50 மில்லி விஸ்கியில் 20 மில்லி கலப்பற்ற ஆல்கஹால் இருக்கிறது. தெளிவாக இருப்பதுபோல் தோன்றுவதே வண்டிச் சாவியை எடுக்கவைக்கும் என்பதால், இந்தப் பானத்தில் கூடுதல் கவனம் தேவை. குடித்தவர் வண்டி ஓட்டக் கூடாது.

மது தொடாதவர் வீட்டில் இருந்தால் அவரை விட்டுவிட வேண்டியதில்லை. விஸ்கியை மட்டும் நீக்கிவிட்டு, அதே இனிப்புக் கறுப்புக் காபி, அதே க்ரீம், அதே கரண்டி முதுகு. ஆல்கஹால் இல்லாத காபி கனமாக இருப்பதால் க்ரீம் இன்னும் எளிதாக மிதக்கும். கற்றுக்கொள்பவர்கள் கைப்பழக்கத்தை இதிலிருந்தே தொடங்கலாம். விஸ்கி வீணாகாது, முறையும் பிடிபடும்.