சித்திரைக்குக் கீழே ஒரு சாண்

மே மாதக் கடைசியில், இரவு பத்து மணி அளவில் தெற்கு நோக்கி நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்றுத் தெற்கே நீலவெள்ளையாக ஒளிரும் நட்சத்திரம் சித்திரை. சித்திரை மாதத்துக்குப் பெயர் கொடுத்ததே அதுதான். அந்த மாதத்துப் பௌர்ணமி நிலவு அதன் பக்கத்தில்தான் நிற்கும்.

கையை நேராக நீட்டி, விரல்களை விரித்து, சித்திரையிலிருந்து கீழே ஒரு சாண் இறங்குங்கள். வெறும் கண்ணுக்கு அங்கே எதுவும் தெரியாது. நல்ல இருட்டில் பைனாகுலர் வைத்துப் பார்த்தால், சாம்பிராணிப் புகையைப் போல ஒரு சிறு மங்கல் தென்படும். அதன் பெயர் எம்83. 'தென்வானக் காற்றாடி' என்றும் சொல்வார்கள்.

அந்த மங்கல், கோடானுகோடி நட்சத்திரங்கள் கொண்ட ஒரு சுருள் கேலக்சி. நமது பால்வீதியைப் போன்றது, அளவில் ஏறக்குறைய பாதி. தூரம் சுமார் 1.5 கோடி ஒளியாண்டு. இன்றிரவு நம் கண்ணில் படும் அந்த வெளிச்சம் புறப்பட்டபோது பூமியில் மனித இனமே தோன்றியிருக்கவில்லை.

இதை முதலில் கண்டவர் பிரெஞ்சு வானியலாளர் நிக்கோலா லூயி டி லக்காய். 1752இல், ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையிலிருந்து பார்த்தார். அவருடைய தொலைநோக்கியின் வில்லை அரை அங்குலம்தான். இன்று கடையில் விற்கும் சாதாரண பைனாகுலரின் வில்லைகூட அதைவிடப் பெரியது. 1781இல் சார்ல் மெஸ்ஸியே பாரிசிலிருந்து இதைத் தேடிப் பிடித்துத் தம் பட்டியலில் 83ஆவதாகச் சேர்த்தார். பாரிசில் இது அடிவானத்திலிருந்து 11 பாகைக்கு மேல் ஏறாது. கோலாலம்பூரிலோ 57 பாகை வரை ஏறுகிறது. பூமத்திய ரேகைக்கு அருகில் வாழும் நமக்கு இயற்கை கொடுத்த சலுகை இது.

எம்83இல் பார்க்க வேண்டியதும் நிறைய. 1923 முதல் 1983 வரையிலான அறுபது ஆண்டுகளில் அங்கே ஆறு நட்சத்திரங்கள் வெடித்துச் சிதறியது பதிவாகியிருக்கிறது. இவற்றை சூப்பர்நோவா என்பார்கள். நமது பால்வீதியில் வெறும் கண்ணால் பார்த்துப் பதிவு செய்த கடைசி சூப்பர்நோவா 1604இல் நடந்தது. நம் இரத்தத்தில் ஓடும் இரும்பும் இப்படி வெடித்த பழைய நட்சத்திரங்களுக்குள் உருவானதுதான்.

இத்தனை இருந்தும், நம்மில் பெரும்பாலோர் இருக்கும் இடத்தில் அந்த மங்கல் தெரியப்போவதில்லை. காரணம் மேகம் மட்டுமல்ல, விளக்கு வெளிச்சமும்தான். 2016இல் வெளியான இரவு வான உலக வரைபடம், ஒளி மாசில் சிங்கப்பூரை முதலிடத்தில் வைத்தது. கண் இருட்டுக்கு முழுமையாகப் பழக முடியாத அளவு வெளிச்சத்தின் கீழ் அங்குள்ள மக்கள் அனைவரும் வாழ்கிறார்கள் என்றது அந்த ஆய்வு. நமது நகரங்களும் அதே வழியில்தான் போகின்றன. ஒன்றரைக் கோடி ஆண்டு பயணம் செய்து வந்த ஒளி, தாமான் முனையிலுள்ள விளக்குக் கம்பத்திடம் தோற்றுப்போகிறது.

ஆனால் ஆற்றில் கலந்த கழிவை அகற்ற ஆண்டுக்கணக்காகும். வானில் கலந்த வெளிச்சமோ விளக்கை அணைத்த நொடியே மறைந்துவிடும். வாசல் விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரையில் விழ வைப்பதே நல்ல தொடக்கம். தேவையில்லாத நேரத்தில் அணைப்பது அடுத்தது.

மெர்சிங் கடற்கரைப் பக்கமோ தாமான் நெகாராவோ போகிறவர்கள், அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துப் போங்கள். பைனாகுலரோடு பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடமாவது ஆகும். அதுவரை யாரும் கைப்பேசியைத் திறக்க வேண்டாம்.