ஒரு கமா விழுங்கிய ஒன்றேகால் லட்சம்

1.250. இந்த எண்ணைக் கொஞ்சம் பாருங்க. எவ்வளவு? ‘ஒண்ணேகால்’னு யோசிக்காமலே சொல்லிடுவீங்க. ஜெர்மனியில் ஒருத்தரிடம் காட்டினா ‘ஆயிரத்து இருநூற்று ஐம்பது’ என்பார். ரெண்டு பேர் சொல்றதும் சரிதான். அங்கே ஆயிரத்தைப் பிரிக்கப் புள்ளி, தசமத்துக்குக் கமா. நமக்கு அது அப்படியே தலைகீழ். பிரான்ஸில் ஆயிரங்களுக்கு நடுவே சின்ன இடைவெளி விடுவாங்க. சுவிட்சர்லாந்தில் மேலே ஒற்றை மேற்கோள் குறி போடுவாங்க.

எண் ஒண்ணுதான், அது போட்டுக்கிற சட்டைதான் ஊருக்கு ஊர் மாறுது. எந்த ஊர்ச் சட்டை என்று பிரவுசருக்குச் சொல்ற குறியீட்டுக்குப் பேர் லொகேல். நம்மில் பலர் இதை டெமோவுக்கு முந்தின நாள் ராத்திரி, ‘ஸ்கிரீன் அழகா இருக்கட்டும்’னு கடைசியில் சேர்க்கிற விஷயமா நினைக்கிறோம். என்னைக் கேட்டா, இது நாணயம் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தச் சொல்லின் ரெண்டு அர்த்தத்திலும்.

எங்க மினி புராஜெக்ட்டே இதுக்குச் சாட்சி. ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு ஆப் செஞ்சோம். நாங்க டெஸ்ட் பண்ணினப்ப எல்லாம் 5000, 20000னு மொட்டையாத்தான் டைப் பண்ணோம். குழுவின் பொருளாளர் அக்கா வந்து உட்கார்ந்தாங்க. நோட்டில் எழுதிப் பழகின கை. கடன் தொகையை 1,25,000னு கமா போட்டே அடிச்சாங்க. சேவ் ஆச்சு, எரர் எதுவும் வரல. மொத்தக் கடனில் ஒரே ஒரு ரூபாய் ஏறியிருந்தது. “ஏம்ப்பா, மீதியை நீங்க கட்டிடுவீங்களா?”ன்னு அக்கா சிரிச்சாங்க. எங்களுக்குச் சிரிப்பு வரல.

நடந்தது இதுதான். ஜாவாஸ்கிரிப்ட்டின் பார்ஸ்ஃப்ளோட் இடமிருந்து வலமா படிக்கும். புரியாத எழுத்து வந்ததும் நின்னுடும், அதுவரை படிச்சதைக் கையில் கொடுத்துடும். முதல் கமாவுக்கு முன்னாடி இருந்தது 1. அதைக் கொடுத்துச்சு. நம்பர் ஃபங்ஷன்கிட்ட இதையே கொடுத்திருந்தா ‘இது எண்ணே இல்ல’ன்னு சொல்லியிருக்கும். சத்தம் போடுற தப்பை அன்னைக்கே பிடிச்சிடலாம். சத்தமில்லாத தப்பு கணக்குக்குள்ளேயே குடியிருக்கும்.

‘கமாவை எல்லாம் தூக்கிட்டா முடிஞ்சுதே’ன்னு தோணும். நம்ம ஊருக்கு மட்டும்னா சரி. ஒரு ஜெர்மன்காரர் பன்னிரண்டரை யூரோவை 12,50னு அடிச்சா, கமாவைத் தூக்கினதும் அது 1250 ஆகிடும். நூறு மடங்கு! அதனால முதல்ல எந்த ஊர் வழக்கத்தில் எழுதியிருக்காங்கன்னு தெரியணும், அப்புறம்தான் சுத்தம் பண்ணணும்.

இந்தத் தப்பு நமக்கு மட்டும் நேர்வதில்லை. பிஎச்பி மொழியில் செட்லொகேல் மூலம் ஜெர்மன் வழக்கத்தை வைத்துவிட்டு 3.5ஐ ஸ்ட்ரிங்காக மாற்றினால் 3,5 என்று வந்துகொண்டிருந்தது. அதை அப்படியே எஸ்க்யூஎல் வரியில் ஒட்டினா ஒரு மதிப்பு ரெண்டு மதிப்பா உடையும். 2020இல் வந்த 8.0 பதிப்பில்தான் அதை நிறுத்தினாங்க. ஜேசன் ஃபார்மட் இதில் ஆரம்பத்திலிருந்தே கறார். தசமத்துக்குப் புள்ளி மட்டும்தான், எண்ணுக்குள்ளே கமாவுக்கு இடமே கிடையாது. நாமும் அந்த ஒழுங்கைப் பிடிச்சுக்கலாம்: டேட்டாபேஸிலும் ஏபிஐயிலும் மொட்டை எண், மனுஷங்க கண்ணுக்குப் போகும் கடைசிப் படியில் மட்டும் சட்டை.

சரி, எந்தச் சட்டை? டு-லொகேல்-ஸ்ட்ரிங்கை வெறுமனே கூப்பிட்டா, அது ஓடுற கம்ப்யூட்டரின் வழக்கத்தை எடுத்துக்கும். உங்க லேப்டாப்பில் இந்திய ஆங்கிலம் இருந்தா 12,34,567. சர்வரில் அமெரிக்க ஆங்கிலம் இருந்தா 1,234,567. ஒரே கோடு, ரெண்டு விடை. ரியாக்ட் பக்கத்தை சர்வரில் ரெண்டர் பண்றவங்களுக்கு ஹைட்ரேஷன் எரர் வர இதுவும் ஒரு காரணம். அதனால லொகேலை எப்பவும் பேர் சொல்லிக் கொடுங்க.

ஆனா டுடோரியலில் இருக்கிற அமெரிக்க லொகேலை அப்படியே காப்பி அடிக்காதீங்க. நாம ‘டீஃபால்ட்’னு நினைக்கிறது உண்மையில் ஒரு ஊரின் வழக்கம், அவ்வளவுதான். கட்டண ரசீதில் 1,250,000னு இருந்தா நம்ம அப்பா அம்மா விரல் வைத்துத்தான் எண்ணணும். 12,50,000னா பார்த்ததும் பன்னிரண்டரை லட்சம். இதுக்குன்னு ரெகெக்ஸ் தேடி அலைய வேண்டாம். மூணு மூணு இலக்கமா வெட்டுற அந்தப் பிரபல ரெகெக்ஸுக்கு லட்சமும் தெரியாது, கோடியும் தெரியாது. பிரவுசருக்குள்ளேயே இருக்கிற இன்ட்ல் நம்பர்ஃபார்மட்டுக்குத் தெரியும். அதுக்கான தரநிலையின் முதல் பதிப்பு 2012இலேயே வந்தாச்சு.

மொழியை மட்டும் சொன்னாலும் போதாது. இந்தியத் தமிழ்னு கொடுத்தா 12,34,567. சிங்கப்பூர்த் தமிழ், மலேசியத் தமிழ்னு கொடுத்தா 1,234,567, ஏன்னா அங்கே புழக்கத்தில் இருப்பது மில்லியன் கணக்கு. தமிழ் ஒண்ணுதான், கமா வேற.

தமிழ்ப் பக்கம்னா ௧௨,௩௪,௫௬௭னு தமிழ் எண்களில்தான் காட்டணும்னு சொல்ற நண்பர்கள் உண்டு. கேட்டா அதையும் இந்த நம்பர்ஃபார்மட் கொடுக்கும். ஆனா கேட்காதவரை 1, 2, 3 தான் கொடுக்கும், அது சரின்னுதான் நான் நினைக்கிறேன். விரும்புறவங்களுக்கு ஒரு பட்டனா வைங்க. கடன் பாக்கியைப் பார்க்க வந்தவங்களுக்கு எண்ணுருப் பாடம் நடத்தாதீங்க.

இன்னொண்ணு: லொகேலை மாத்தினா ரூபாய் டாலராகாது. எந்த நாணயம்னு தொகையோடு சேர்த்தே சேமிங்க. லொகேலை வெச்சு ஊகிக்காதீங்க.

இன்னைக்கு ராத்திரி உங்க புராஜெக்ட்டைத் திறந்து, தொகை கேட்கிற ஒவ்வொரு பெட்டியிலும் 1,25,000னு கமாவோட அடிச்சுப் பாருங்க. சரியா ஏத்துக்கணும், இல்லைன்னா தெளிவா மறுக்கணும். ரெண்டும் இல்லாம அமைதியா சேவ் ஆச்சுன்னா, வைவாவில் எக்ஸ்டர்னல் கேட்கிறதுக்கு முன்னாடி நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்கன்னு சந்தோஷப்படுங்க. எங்க விஷயத்தில் அதைக் கண்டுபிடிச்சது பணத்தைக் கட்ட வேண்டிய அக்கா.