சித்தி வீட்டு முகவரி

முகவரி என்ற கட்டத்துக்கு வந்ததும் அந்தப் பையன் எழுதுவதை நிறுத்திவிட்டான். பிளஸ் டூ மதிப்பெண், கணினிச் சான்றிதழ், தட்டச்சு வேகம் என்று மற்ற எல்லாவற்றையும் முத்து முத்தான கையெழுத்தில் நிரப்பியிருந்தான். “சார், பெருங்குடியில சித்தி வீடு இருக்கு. அந்த அட்ரஸைப் போட்டுக்கட்டுமா?” என்றான். “போட்டுக்கோ” என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. காரணம் எனக்குத் தெரியும். எங்கள் பயிற்சி வகுப்புக் குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

கண்ணகி நகர் என்று எழுதினால் பயோடேட்டா ஓரமாகப் போய்விடும் என்பதை அங்கே பத்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். அதைத் தெரிந்துகொண்டே 6 வருடம் சனிக்கிழமைதோறும் அங்கே போய் வகுப்பு எடுத்தோம். எந்த மேசையில் அந்தத் தாள் ஓரமாகப் போகிறதோ, அந்த மேசைக்காரர்களிடம் ஒருமுறைகூடப் பேசவில்லை. அவர்கள் எங்களோடு ஒரே லிஃப்டில் ஏறி இறங்குகிறவர்கள்.

கண்ணகி நகர் நேற்று முளைத்த இடமல்ல. 2000-ஆம் ஆண்டு முதல், சென்னையின் ஆற்றங்கரைகளிலும் சாலையோரங்களிலும் இருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் குடிசை மாற்று வாரியம் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கொண்டுவந்து குடியமர்த்தியது. 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அப்புறம் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கத்துக்குப் போயின. இதே ஆண்டுகளில்தான் பக்கத்துச் சாலையில் எங்கள் அலுவலகங்களின் கண்ணாடிக் கட்டடங்களும் எழுந்தன. இந்தக் குடியிருப்புகளிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வருகிறவர்கள் உண்டு. விடியற்காலையில் தரை துடைக்கும் அம்மாக்கள், கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணன்கள். எல்லோரும் கான்ட்ராக்டர் ஆட்கள். இவர்கள் பிள்ளைகளாவது மேல்மாடியில் ஒரு நாற்காலியில் உட்கார வேண்டும் என்று சொல்லித்தான் வகுப்பைத் தொடங்கினோம்.

12 வாரப் பயிற்சி. எக்செல், டைப்பிங், கொஞ்சம் ஆங்கிலம். சட்டையை டக்-இன் செய்வது, கண்ணைப் பார்த்துப் பேசுவது, உட்காரச் சொன்ன பிறகு உட்காருவது என்று இன்டர்வியூ பாடமும் உண்டு. திருத்த வேண்டியது பிள்ளைகளைத்தான் என்று நம்பினோம். ஒவ்வொரு பேட்ச் முடியும்போதும் சான்றிதழோடு ஒரு குரூப் போட்டோ. அது அலுவலகத்தின் சி.எஸ்.ஆர். அறிக்கைக்குப் போகும். எத்தனை பேருக்குப் பயிற்சி கொடுத்தோம் என்ற எண் எங்கள் கையில் எப்போதும் இருக்கும். அதில் எத்தனை பேர் ஒரு வருடம் கழித்தும் வேலையில் இருக்கிறார்கள் என்று நாங்கள் எண்ணியதில்லை.

ஒரு பெண் ஐந்தாவது வாரத்தோடு நின்றுவிட்டாள். வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே சிவப்பு மையில் ‘டிராப் அவுட்’ என்று எழுதினேன். அவள் இருக்கும் பிளாக் வகுப்பறை ஜன்னலிலிருந்து தெரியும். போய் விசாரித்திருந்தால் ஐந்து நிமிடம். மூன்று மாதம் கழித்து எங்கள் அலுவலக உணவுக்கூடத்தில் எச்சில் தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய்விட்டதாம். ஈரக் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டே, “கிளாஸ் இன்னும் நடக்குதா சார்? ஆறாவது வாரத்துல இருந்து வந்து சேர்ந்துக்கலாமா?” என்று கேட்டாள். அவளுக்குச் சனிக்கிழமையும் வேலை நாள். வகுப்பு நேரத்தை அவளுக்காக மாற்றலாமா என்று எங்கள் குழு ஒருநாளும் உட்கார்ந்து பேசவில்லை.

வகுப்பு இலவசம்தான். ஆனால் வந்தால் அன்றைய கூலி போகும். வேலை கிடைத்தாலும் முதல் சம்பளம் வரும்வரை பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் கைக்காசு வேண்டும். மாதச் சம்பளத்தில் வாழ்கிற எங்களுக்கு அந்தக் கணக்கு தோன்றவே இல்லை.

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம், நடுவில் ஒரு வருடம்கூட விடுபடக் கூடாது. எங்கள் துறையில் சில கம்பெனிகள் வைத்திருக்கும் விதி இது. பள்ளி நடந்துகொண்டிருக்கும் மாதத்தில் வீடு இடிபட்டு, பழைய பள்ளிக்கூடத்தை நகரத்தின் இன்னொரு மூலையில் விட்டுவிட்டு வந்த பிள்ளைக்கு ஒரு வருடம் போவது பெரிய விஷயமா? அப்படிப்பட்ட பிள்ளைகளிடம் “ஏன் இந்த கேப்?” என்று கேட்கும் நாற்காலியில் நானே உட்கார்ந்திருக்கிறேன். கேட்டும் இருக்கிறேன்.

2022-இல் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தரும் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்தபோது, இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அது எங்களுக்கு வசதியாக இருந்தது. சட்டம் ஏற்கெனவே எங்களிடம் கேட்டிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தின் கீழ் 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்த ஊழியர்களையும் சேர்த்த மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும். 1,000 பேர் இருந்தால் குறைந்தது 25 பேர். பழகும் காலத்திலேயே மாத உதவித்தொகையும் உண்டு. தட்டு எடுத்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது இதுதான். இந்த விதியை நான் படித்ததே போன வருடம்தான். எங்கள் குழுவில் எனக்கு முன்னால் படித்தவர் யாரும் இல்லை.

சித்தி வீட்டு முகவரியை எழுதிய அந்தப் பையனுக்கு வேலை கிடைத்தது. டேட்டா என்ட்ரி. அவன் அம்மா எங்களுக்கெல்லாம் கேசரி செய்து எடுத்து வந்தார். இரண்டாவது மாதம் முகவரி சரிபார்க்க ஆள் போனபோது, அப்படி ஒரு பையன் இங்கே இல்லையே என்று பெருங்குடியில் அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்டார்கள். பொய்த் தகவல் கொடுத்ததாகச் சொல்லிக் கம்பெனி அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டது. அவனுடைய அந்த யோசனைக்குச் சம்மதம் சொன்னவன் நான். அந்தக் கம்பெனிக்கு எழுதி, தவறு என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவன் வகுப்புப் பக்கம் வரவில்லை. கூரியர் பையோடு பைக்கில் போகிறான் என்று கேள்விப்பட்டோம். யாரும் போய்ப் பார்க்கவில்லை.

இந்தச் சாலையில் வேலை பார்க்கும் நண்பர்களே, சனிக்கிழமை வகுப்புக்கு வர வேண்டாம், திங்கட்கிழமை உங்கள் எச்.ஆர். மேசைக்குப் போங்கள். நம்மிடம் அப்ரண்டிஸ் எத்தனை பேர்? அதில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று முகவரி எழுதியவர்கள் எத்தனை பேர்? இந்த இரண்டையும் கேளுங்கள். பதிலை எழுதி வாங்குங்கள். எங்கள் அலுவலகத்தில் நானும் கேட்கப் போகிறேன்.