மூன்று மாதக் கணக்கு: பூலாம்பாடி மக்களுக்கு ஒரு வேண்டுகோள்

எச்.ஐ.வி. கிருமி உடம்பில் புகுந்த மறுநாளே ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடாது. சாதாரண விரைவுப் பரிசோதனை தேடுவது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளை. அது பட்டையில் கோடு விழும் அளவுக்குச் சேர 3 வாரம் முதல் 3 மாதம் வரை ஆகும். இந்த இடைவெளிதான் சாளரக் காலம். இந்த நாட்களில் முடிவுச் சீட்டில் ‘நான்-ரியாக்டிவ்’ (தொற்று தென்படவில்லை) என்று வரலாம். ஆனால் ரத்தத்தில் கிருமி மிகுந்திருப்பதும், பிறருக்கு எளிதாகத் தொற்றுவதும் இதே நாட்களில்தான். பத்தாம் நாள் வாங்கிய சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நிம்மதி அடைவதில் பொருளில்லை.

கிருமியின் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும் நான்காம் தலைமுறைப் பரிசோதனையை நரம்பில் ரத்தம் எடுத்து ஆய்வகத்தில் செய்தால், 45 நாள் கடந்த முடிவை நம்பலாம். விரைவுப் பரிசோதனைக்கு 90 நாள். சந்தேகத்துக்குரிய கடைசிச் சம்பவத்திலிருந்து நாளை எண்ண வேண்டும். ‘ரியாக்டிவ்’ என்று வந்தாலும் ஒரே பரிசோதனையில் முடிவு கட்டுவதில்லை. வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகளும் ஒத்துப்போன பிறகே தொற்று உறுதியாகும்.

எல்லாத் தொடர்பும் ஒரே அளவு ஆபத்தல்ல. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் தொற்றும். மருத்துவமனையில் தொற்றுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி தவறிக் குத்திவிட்டால் ஆயிரத்தில் மூன்று பேருக்குத்தான். ஆணுறையில்லாத ஆண்-பெண் உறவில் ஒரு முறைக்கு ஆபத்து அதைவிடக் குறைவு. பால்வினை நோய்ப் புண் இருந்தால் அது பல மடங்காகும். கொசுக்கடி, எச்சில் தம்ளர், பொதுக் கழிப்பறை பற்றிய பயம் வீண்.

2018 டிசம்பரில் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது தமிழகத்தையே உலுக்கியது. ரத்தம் கொடுத்த இளைஞருக்குத் தன் நிலை தெரிந்ததே வெளிநாட்டு வேலைக்கான மெடிக்கலில்தான். தெரிந்ததும் அவரே ரத்த வங்கிக்குச் சொன்னார். அந்த நேர்மைக்குப் போதிய மதிப்பு கிடைக்கவில்லை. மருந்தின் துணையோடு, குழந்தை தொற்றில்லாமல் தப்பியது. வெளிநாட்டு மெடிக்கல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சந்தேகம் உள்ளவர் பரிசோதனைக்குப் பதிலாக ரத்ததானம் செய்வது கூடவே கூடாது.

சம்பவம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மாத்திரையைத் தொடங்க வழியுண்டு. முந்தினால் முந்திய பலன். 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். மாத்திரை எடுத்தவருக்கு நாள்கணக்கு அது முடிந்த பிறகே தொடங்கும்.

2017ஆம் ஆண்டுச் சட்டப்படி சம்மதமின்றிப் பரிசோதிக்கவோ, முடிவைப் பிறரிடம் சொல்லவோ கூடாது. பெரம்பலூர் அரசு தலைமை மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். போகத் தயங்குவோர் முதலில் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை.