கைவிடப்பட்ட மென்பொருளை யார் பராமரிப்பது?

கட்டுகஸ்தோட்டையிலுள்ள மொத்த வியாபார நிறுவனம் ஒன்றின் விற்பனைப் பிரதிநிதிகள், திகன, தெல்தெனிய பகுதிக் கடைகளில் ஓடர் எடுப்பது கையடக்கத் தொலைபேசிச் செயலி ஒன்றின் மூலம்தான். தமிழிலும் சிங்களத்திலும் இயங்கும் அந்தச் செயலியை 2019இல் கண்டி இளைஞர் ஒருவர் உருவாக்கிக் கொடுத்தார். அண்மையில் அதில் சிறு திருத்தம் ஒன்று தேவைப்பட்டது. அரை நாளில் முடிந்த அந்தத் திருத்தத்தை பிளே ஸ்டோரில் ஏற்ற முடியவில்லை. இப்போது புதிய பதிப்பு வட்ஸ்அப்பில் அனுப்பப்படுகிறது. தொலைபேசியின் பாதுகாப்பு எச்சரிக்கையைப் புறக்கணித்துவிட்டு அதை நிறுவும்படி பிரதிநிதிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

இந்தச் செயலி ஸாமரின் என்ற கட்டமைப்பில் எழுதப்பட்டது. ஒரே நிரலை எழுதி அண்ட்ரொய்ட், ஐபோன் இரண்டிலும் இயக்க உதவியது அது. சிறிய குழுக்களுக்குச் செலவு பாதியாகக் குறைந்ததால் பலர் அதை நம்பினார்கள். 2011இல் தொடங்கப்பட்ட ஸாமரின் நிறுவனத்தை 2016இல் மைக்ரோசொப்ட் வாங்கியது. 2022இல் டொட்நெட் மாவி என்ற வாரிசை அறிமுகப்படுத்தியது. 2024 மே 1ஆம் திகதியுடன் ஸாமரினுக்கான ஆதரவை நிறுத்திக்கொண்டது.

ஸாமரின் கடைசியாக ஆதரித்தது அண்ட்ரொய்ட் 14ஐ. ஆனால், 2025 ஓகஸ்ட் 31 முதல் பிளே ஸ்டோரில் ஏற்றப்படும் திருத்தங்கள் அண்ட்ரொய்ட் 15ஐ இலக்காகக் கொண்டிருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. அப்பிளும் அதே ஆண்டு ஏப்ரலில் இதையொத்த நிபந்தனையைக் கொண்டுவந்தது. ஏற்கெனவே நிறுவப்பட்ட செயலி ஓடும். அதைத் திருத்தி ஸ்டோர் வழியாக விநியோகிக்கத்தான் வழியில்லை. 2024 ஜனவரியில் வற் வரி 15 வீதத்திலிருந்து 18 வீதமானதுபோல நாளை இன்னொரு மாற்றம் வந்தால், பட்டியல் போடும் செயலிகள் என்ன செய்யும்?

ஸாமரினின் மூலநிரல் திறந்தே கிடக்கிறது, சமூகம் அதைப் பராமரிக்கும் என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. திறந்த உரிமம் நிரலைத் திருத்தும் உரிமையைத் தருகிறது. திருத்தும் கடமையை அது எவர் மீதும் சுமத்துவதில்லை. கூகுளும் அப்பிளும் ஆண்டுதோறும் செய்யும் மாற்றங்களைத் துரத்திப் பிடிப்பது முழுநேர வேலை. பாதுகாப்பு ஓட்டை வெளிப்படும் நாளில் பொறுப்பேற்கவும் ஒருவர் வேண்டும்.

தாய் நிறுவனம் விலகிய பிறகும் சில மென்பொருள்கள் பிழைத்திருக்கின்றன. அடோபி 2020இல் போன்கெப்பைக் கைவிட்டது. ஆனால் அதன் நிரலை முன்னரே அப்பாச்சி அறக்கட்டளையிடம் கொடுத்திருந்ததால், கோர்டோவா என்ற பெயரில் அது தொடர்ந்தது. ஸாமரினின் அடித்தளமான மோனோ திட்டத்தை 2024 ஓகஸ்டில் வைன் திட்டக் குழு பொறுப்பேற்றது. இரண்டிலும் வேலையை ஏற்க ஓர் அமைப்பு இருந்தது.

அமைப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை 2024 மார்ச்சில் பார்த்தோம். லினக்ஸ் கணினிகள் பெரிதும் சார்ந்திருந்த எக்ஸ்இசட் என்ற கருவியைக் களைத்துப்போன ஒரு தன்னார்வலரே பராமரித்துவந்தார். உதவ வந்தவர்போல் நம்பிக்கையைப் பெற்ற ஒருவர் அதற்குள் பின்கதவு ஒன்றை நுழைத்துவிட்டார். தற்செயலாகவே அது கண்டுபிடிக்கப்பட்டது.

இது நமக்குத் தெரியாத பாடமல்ல. 2004 சுனாமிக்குப் பின், காணாமல் போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கைத் தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் உருவாக்கியதே சஹானா. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் சமூக நல விருதையும் பெற்றது. உற்சாகம் அதைப் பிறப்பித்தது. ஆனால் அதை நிலைநிறுத்த, 2009இல் அமெரிக்காவில் தனி அறக்கட்டளை ஒன்றை அமைக்க வேண்டியிருந்தது.

கட்டுகஸ்தோட்டை நிறுவனத்தின் முன் இப்போது ஒரு வழிதான் உண்டு: மாவிக்கோ வேறொன்றுக்கோ செயலியை மாற்றி எழுதுவது. திரைகள் பலவற்றை மீண்டும் அமைக்க வேண்டும். அதற்கான பணம் 2019 ஒப்பந்தத்தில் இல்லை. கட்டிய வீட்டுக்குக் கூரை மாற்றும் செலவை எதிர்பார்க்கிறோம். செயலிக்கு ஏன் எதிர்பார்ப்பதில்லை?

செயலி எழுதுவிக்கும் நிறுவனங்களும் அரச திணைக்களங்களும் வருடாந்தப் பராமரிப்புச் செலவை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். மூலநிரல் தம் கையில் இருப்பதையும் உறுதிசெய்ய வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில், பழைய திறந்த மூல மென்பொருளைப் பராமரிப்பதும் இறுதியாண்டுச் செயற்றிட்டமாக ஏற்கப்படலாம். புதிதாக ஒன்றைச் செய்பவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்குமானால், சமூகம் பராமரிக்கும் என்று நாம் சொல்லும் அந்தச் சமூகத்தில் ஆளே இருக்காது.