மலேரியாவுக்கு மெய்ச்சாட்சி

மாதனூரிலும் ஆம்பூரிலும் தோல் தொழிலை நம்பிப் பிழைக்கும் தொழிலாளிக்கு ஒரு நாள் ஜுரம் என்பது ஒரு நாள் கூலி நஷ்டமாகும். அந்த ஜுரம் மலேரியாவா அன்றா என்பது அன்றைய தினமே தெரிய வேண்டும். தாமதித்தால் அவர் இரத்தத்திலுள்ள கிருமியைக் கொசு அண்டை வீட்டுக்கும் கொண்டுபோகும்.

பூதக்கண்ணாடியில் இரத்தத்தைச் சோதிப்பதே சிறந்த முறை. அதற்குப் பழகியவர் இல்லாத இடங்களில், ஒரு துளி இரத்தத்தில் அரைமணிக்குள் விடை கூறும் சோதனைப் பட்டை உதவுகிறது. ஆனால், அப்பட்டை எதைத் தேடுகிறது என்று நாம் கேட்க வேண்டாமா?

பல பட்டைகள் 'எச்.ஆர்.பி.2' என்னும் புரதத்தைத் தேடுகின்றன. அது பால்சிபாரம் கிருமிக்கே உரியது. தமிழ்நாட்டில் மிகுதியாகக் காணும் வைவாக்ஸ் கிருமியில் அது இல்லை. கிருமி மாண்ட பின்னும் அது வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்கும். அப்புரதமே இல்லாத பால்சிபாரம் கிருமிகள் உண்டென்பது 2010-இல் பெரு தேசத்திலும், பின்னர் நம் நாட்டிலும் வெளியாயிற்று. இறந்தவன் இருக்கிறான் என்றும், எதிரே நிற்பவன் இல்லை என்றும் கூறும் சாட்சியை எந்த நியாயஸ்தலம் தனித்து நம்பும்?

வேறொரு சாட்சி உண்டு. கிருமி சர்க்கரையைச் சிதைத்துச் சக்தி பெற உதவும் 'லாக்டேட் டீஹைட்ரஜனேஸ்' என்னும் நொதியே அது. மலேரியாக் கிருமிகள் யாவற்றிலும் உண்டு. மனித உடலிலுள்ள நொதியினின்று வேறுபட்டது. உயிருள்ள கிருமியே அதை உண்டாக்குவதால், நோய் தீர்ந்த சில நாட்களில் மறைந்துவிடும்.

இதற்கும் குறையுண்டு. கிருமிகள் சொற்பமாயிருந்தால் தவறிவிடும். நொதியைத் தேடும் பட்டை உஷ்ணத்தையும் எளிதில் தாங்காது. கத்தரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர்ச் சீமையில் அதை அலமாரியில் போட்டு வைப்பது, வாங்காமலிருப்பதற்கே சமானம்.

இருவகைக் கிருமிகளையும் காட்டும் பட்டைகளை 2013-ஆம் ஆண்டின் தேசியக் கொள்கை ஏற்றுக்கொண்டது. கொள்கை காகிதத்தில் இருந்தால் போதாது. நொதியைத் தேடும் பட்டை ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் குளிர்ச்சியான இடத்தில் இருக்க வேண்டும். பட்டை 'இல்லை' என்ற பின்னும் ஜுரம் நீடித்தால், பூதக்கண்ணாடிச் சோதனை அப்பீலாக அமைய வேண்டும். 2030-க்குள் மலேரியாவை ஒழிப்பதாக இத்தேசம் சங்கற்பம் செய்திருக்கிறது. 2016-லேயே இலங்கை அந்நிலையை எய்தியது. நம்மால் ஏன் ஆகாது? அதிகாரிகள் விழிப்பார்களாக.